இருபத்து மூன்றாம் கேள்விக்கு விடை

மார்ச் 3, திங்கள்

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கதவருகே நின்றுகொண்டிருக்கும் மனிதரை இன்று காலை பத்தே காலுக்கு விடுவித்தேன். ஒரு கோப்பைத் தேநீர் குடித்து, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, சாதக பாதகங்களை ஆராய்ந்து எடுத்த முடிவு. ‘கதவருகே நிற்கும் மனிதர் என் மாமா.’ நான் எழுதிய ஆங்கில இலக்கணப் பயிற்சி நூலில், ஹூ, விச், தட் ஆகியவற்றைக் கொண்டு இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் பாடம் இவரோடுதான் தொடங்கும். பதினான்கு பதிப்புகள் வந்துவிட்டன. இத்தனை பேர் படித்தும் ஒருவர்கூட அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லை.

காரணம், பதிப்பகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பதிப்பாசிரியை. தொலைபேசியில் மரியாதையாகத்தான் சொன்னார்: “சார், உங்க வாக்கியத்துல யாருக்குமே உயிர் இல்ல சார். மாமா நிக்கிறாரு. பேனா மேசை மேல இருக்கு. அவ்வளவுதான். புதுசா நாப்பது வாக்கியம் வேணும். வாழ்க்கையிலேர்ந்து எழுதுங்க.”

வாழ்க்கையிலிருந்து. அது என்ன பரணா, ஸ்டூல் போட்டு எட்டி எடுக்க?

மார்ச் 5, புதன்

ஆறு வாக்கியங்கள் தேறின.

லிஃப்ட் பழுதுபார்க்கும் என் தம்பி எப்போதும் மாடிப்படியில்தான் ஏறுவான். நான் பேசத் தொடங்கியதும் எழுந்துபோகிறவன் என் தம்பி. மூக்குக்கண்ணாடியை பிஸ்கட் டப்பாவில் வைக்கும் அப்பா அதைத் தினமும் அலமாரியில் தேடினார். இப்படி.

மனைவி படித்தாள். அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு துளி போதும்.

“ஏங்க, ஆறுல நாலு உங்க தம்பி.”

“உதாரணத்துக்கு எழுதினது.”

“பேச்சுவார்த்தையே இல்லாத ஆளு உதாரணத்துக்கு மட்டும் எதுக்கு?”

உதாரணங்களோடு பேச வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா ஞாயிறு பதினொன்றுக்குக் கூப்பிடுவாள். முதலில் என்னை, அடுத்துத் தம்பியை. எங்கள் குடும்பத்தில் தனித்தனியே கிடக்கும் இரண்டு வாக்கியங்களை ஆறு ஆண்டுகளாக அவள்தான் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

“சின்னவனுக்கு மேற்பார்வையாளர் வேலை வருதாம்டா. இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்சாதான் கொடுப்பாங்களாம். இந்த வயசுல சாயந்திர வகுப்புக்குப் போறான், பாவம்.”

“நல்ல வகுப்பா பார்த்துப் போகச் சொல்லு.”

“நீயே சொல்லேன்.”

“அடுப்புல ஏதோ தீயுற வாசனை வருது” என்றேன். எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு அப்பா என் வீட்டில் காலமானார். தம்பி வரவில்லை. நான் காலையிலேயே கூப்பிட்டேன், அவன் எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது என்பது சரி. காலையிலிருந்து மாலை வரை ஒரு மனிதன் குழிக்குள்ளேயேவா இருப்பான்? அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. இதுதான் நடந்தது.

தமிழில் ‘வராத தம்பி’ என்கிறோம். ஆள் வந்து சேருவதற்குள் குற்றம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலக்காரன் முதலில் ஆளைக் கூப்பிட்டு நிறுத்துகிறான், அப்புறம் ஹூ போட்டுக் குற்றப்பத்திரிகை வாசிக்கிறான். எது நியாயம்? தெரியவில்லை. நமக்கு நாற்பது வாக்கியம் ஆக வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

நாற்பதும் அனுப்பியாயிற்று. இருபத்து மூன்றாம் கேள்வி: ‘என் தம்பி வரவில்லை. அப்பா அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவ்விரண்டையும் ஒரே வாக்கியமாக்குக.’

ஆசிரியை உடனே கூப்பிட்டார். “சார், இருபத்து மூணு படிச்சிட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். இதுதான் சார் வேணும்!”

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் பதிவுசெய்கிறேன்.

இந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். புதிய பயிற்சி எதையும் நேரே அச்சுக்கு அனுப்ப மாட்டார்கள். பெரியவர்கள் படிக்கும் மாலை வகுப்புகளில் கொடுத்து எழுதவைப்பார்கள். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். நூலாசிரியரின் பெயரும் இருக்காது. தாள்கள் எனக்கு வரும். படித்துப் பார்த்து விடைக்குறிப்பு எழுத வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

பேனாவை மாற்றினேன். வேறு விசேஷமில்லை.

மார்ச் 27, வியாழன்

முப்பத்தொரு தாள்கள் வந்தன. மனித குலத்தின் மீது நம்பிக்கை வைத்துப் பிரித்தேன். ஏழாம் எண் எல்லா இடத்திலும் விச் போட்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு என் அப்பாவும் நாற்காலியும் ஒன்று. பத்தொன்பதாம் எண் கேள்விகளை அப்படியே அழகாகத் திரும்ப எழுதியிருக்கிறார்.

பதினோராம் எண். முழுவதும் கட்டை எழுத்து. லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். பேனாவை அழுத்துகிற அழுத்தில் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கிறது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து இந்த அழுத்தம் எனக்குத் தெரியும். ஒரே மேசையில் எழுதியவர்கள் நாங்கள்.

நாலாம் கேள்விக்கு விடை எழுதி, ஓரத்தில் தமிழில் ஒரு திருத்தம்: ‘பிஸ்கட் டப்பா இல்லை. மருந்து டப்பா.’

உண்மைதான். மருந்து டப்பாதான்.

இருபத்து மூன்றாம் கேள்விக்கு அவன் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதன் பொருள்: ‘யாரும் கூப்பிடாத என் தம்பி வரவில்லை.’ ஓரத்தில்: ‘கேள்வியில் ஒரு வாக்கியம் குறைகிறது.’

மற்ற தாள்களை இன்று பார்க்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அவன் ஹூ என்று எழுதியிருக்கிறான். ஹூம் என்றிருக்க வேண்டும். சிவப்பு மையால் வட்டம் போட்டேன். வட்டம் போட்ட பிறகுதான் என்ன காரியம் செய்கிறேன் என்று உறைத்தது. மை அழியவில்லை.

மார்ச் 29, சனி

சரி, எழுதிவிடுகிறேன்.

கூப்பிடல. காலையில கூப்பிடவே இல்ல.

அதற்கு முந்தின ஞாயிறு அவன் வந்திருந்தான். அப்பாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினான். “புரூப்பைப் பார்க்கிற நேரத்துல அப்பாவைக் கொஞ்சம் பாருண்ணா” என்றான், அப்பா காதுபட. மூன்று வருஷம் பார்த்தவன் நான். ஞாயிறு வந்து கட்டிலை நகர்த்துகிறவன் அவன். நான் பேசத் தொடங்கினேன், அவன் எழுந்துபோய்விட்டான்.

வியாழன் காலை டாக்டர், “சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். அக்காவிடம் சொன்னேன், அவள் வெளியூரில், பஸ் பிடித்து வர வேண்டும். அடுத்து அவன் எண்ணை எடுத்தேன். எடுத்து — வைத்துவிட்டேன். வரட்டும், தானா வரட்டும், அப்பா மேல அவ்வளவு அக்கறைன்னா தானா வரட்டுமே. மத்தியானம் பார்த்துக்கலாம். அவ்வளவு சீக்கிரம் என்ன ஆயிடப்போகுது?

அப்பா கேட்டார். “சின்னவன் எங்கடா?”

“வந்துட்டே இருக்கான்ப்பா.”

எத்தனை தடவை கேட்டார்? நாலு? ஐந்து? ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னேன்.

ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்காவிடம், ‘காலையிலேர்ந்து அடிச்சேன், எடுக்கல’ என்றேன். ஒரு தடவை சொல்வதுதான் கஷ்டம். பத்தாவது தடவை சொல்லும்போது எனக்கு அவன் மேல் உண்மையாகவே கோபம் வந்தது.

‘கூப்பிடாத தம்பி’ என்று தமிழில் சொன்னால் யார் யாரைக் கூப்பிடவில்லை என்று தெரியாது. சௌகரியமான மொழி. ஆங்கிலத்தில் கூப்பிடாதவன் ஹூ, கூப்பிடப்படாதவன் ஹூம்; எது என்று சொல்லித்தான் தீர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

பதினொன்றுக்கு அக்கா.

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு சீக்கிரம், பால் வெச்சிருக்கேன்.”

“அன்னிக்கு நான் அவனைக் கூப்பிடல.”

“என்னிக்கு?”

“அப்பா போன அன்னிக்கு. காலையில. கூப்பிட்டேன்னு சொன்னேன்ல, கூப்பிடல.”

“ஓ, அதுவா. தெரியும்டா.”

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அன்னிக்கு ராத்திரியே போனை எடுத்து நீட்டினான். காலையிலேர்ந்து யார் கூப்பிட்டிருக்காங்கன்னு நீயே பாருக்கான்னான். கம்பெனிலேர்ந்து ரெண்டு. அவன் பொண்டாட்டி ஒண்ணு. உன்னோடது சாயந்திரம் ஆறு மணிக்கு.”

“ஏன் ஒருத்தரும் என்கிட்ட கேட்கல?”

“நான் கேட்கத்தான் கிளம்பினேன். அவன்தான் விடலை. விடுக்கா, அண்ணனுக்குப் பிடிச்சுக்க ஏதாவது வேணும், அது இருக்கட்டும்னான்.”

“அப்போ எல்லாருக்கும்—”

“எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாள் அதை நம்பிட்டிருந்தது நீ ஒருத்தன்தான். ஐயோ, பால் பொங்கிடுச்சு!” வைத்துவிட்டாள்.

மனைவியிடம் போய், உனக்குமா என்று கேட்டேன்.

“நான் பக்கத்து ரூம்லதானேங்க இருந்தேன்” என்று சொல்லித் துணியை மடித்தாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலை ஒன்பதுக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. பதினொன்றுக்கு மறுபடியும். மத்தியானம் ஒரு தடவை.

எடுக்கவில்லை. இந்த முறை நிஜமாகவே எடுக்கவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஏப்ரல் 7, திங்கள்

இருபத்து மூன்றாம் கேள்வியைத் திருத்தி அனுப்பினேன். ‘என் தம்பி வரவில்லை. அப்பா அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவனைக் கூப்பிடவில்லை. மூன்றையும் ஒரே வாக்கியமாக்குக.’

ஆசிரியைக்குத் திருப்தியில்லை. “பரீட்சையில ரெண்டுதான் சார் சேர்க்கச் சொல்லுவாங்க. மூணு கொடுத்தா திணறுவாங்க.”

“திணறட்டும்மா. எனக்கே ஆறு வருஷம் ஆச்சு.”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும், “சரி சார், கடினமான கேள்வின்னு நட்சத்திரக்குறி போட்டுடறேன்” என்றார்.

விடைக்குறிப்பில் அந்த ஒரு விடையைத் தட்டச்சு செய்யாமல் கையால் எழுதினேன். அதே மாலை வகுப்புக்குத் திருத்திய பக்கங்களும், இந்த முறை விடைக்குறிப்பும் சேர்ந்து போகும் என்றார். நூலாசிரியர் பெயரைப் போடச் சொன்னேன். போடுவதில்லையே என்றார். போடச் சொன்னேன்.

ஏப்ரல் 12, சனி

ஒன்றுமில்லை. தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. ஒன்று தவறான எண். இன்னொன்று பதிப்பகம்: புதிய பதிப்பில் மாமா இருக்க மாட்டார் என்று கேள்விப்பட்டு ஒரு பள்ளியிலிருந்து வருத்தம் தெரிவித்திருக்கிறார்களாம்.

ஏப்ரல் 16, புதன்

இன்று பகல் முழுவதும் பதிப்பகத்தில் இருந்தேன். புத்தகம் அச்சுக்குப் போனது.

தம்பியின் கம்பெனிதான் எங்கள் கட்டட லிஃப்டையும் பராமரிக்கிறது. ஆறு ஆண்டுகளாக வேறொரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போவார். இந்த மாதம் தம்பி வந்திருக்கிறான். ஒன்றரை மணி நேர வேலை. மனைவி தேநீர் கொடுத்திருக்கிறாள்.

“ஏதாவது சொன்னானா?”

“பட்டனைப் போட்டு அழுத்த வேணாம்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு.”

“வேற?”

“சர்க்கரை கம்மின்னாரு.”

லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அட்டையில், வழக்கமாக மாதம் மட்டும் இருக்கும் இடத்தில், அழுத்தமான கட்டை எழுத்தில், அடுத்த பராமரிப்பு மே 17, சனி, காலை 10 என்று எழுதியிருக்கிறது.