ஓரியூர் மண்

தங்கச்சிமடம்
21 ஜூன் 2025

அன்பு ஆஸ்லின்,

செவ்வாய்க்கிழமை மதுரையில் உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். இன்று உன் தோழி யும்னா போன் செய்து, நீ சென்னையில் அவள் வீட்டில் இருக்கிறாய் என்கிறாள். கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் காகிதம்.

வியாழனன்று அந்த வெளிநாட்டு இசைக்குழுவில் நீ சேர்ந்திருக்க வேண்டும். ஒன்பது மாத வாய்ப்பு. என்ன ஆயிற்று? வயலினைக் கையில் கொண்டுபோக விட்டார்களா?

வள்ளத்தில் என்னோடு மீன்பிடிக்க வரும் கில்பர்ட் கேலி செய்கிறான்: "ஏலே, பொண்டாட்டிய ஏத்திவிட்டியா, பார்சல் போட்டியா? திரும்பி வந்துருச்சே!"

உன் ரூபஸ்

•

சென்னை
25 ஜூன்

மச்சானுக்கு,

வயலின் என்னோடுதான் வந்தது. தந்திகளைத் தளர்த்தியிருந்தேன். வழியெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன்.

இறங்கியதும் ஒரு படிவம். மண், விதை, செடி ஏதாவது இருக்கிறதா? இல்லை என்று எழுதினேன். அதிகாரி வயலினைச் சாய்த்தாள். உள்ளே ஏதோ உருண்டது. மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இல்லை என்றேன்.

மெல்லிய கத்தியால் மேல்பலகையைப் பிரித்தார்கள். பலகை முனகியது. அந்த நாட்டில் என் வயலின் எழுப்பிய ஒரே சத்தம்.

பீடிக் கனத்தில் ஒரு துணிச்சுருள். அதிலிருந்து சிந்திய செம்மண். கட்டியிருந்தது நீல வலைநூல். அந்த முடிச்சை எனக்குத் தெரியும்.

பொய் சொன்னவள் என்று பதிந்து அடுத்த விமானத்தில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஏன் வைத்தீர்கள்?

ஆஸ்லின்

•

தங்கச்சிமடம்
29 ஜூன்

அன்பு ஆஸ்லின்,

நான்தான். நீ குளிக்கப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து, வயலின் துளை வழியாகத் தள்ளினேன். ஓரியூர்க் கோயிலில் எடுத்த புனித மண். அய்யா காலத்திலிருந்து நம் வள்ளத்தின் முனையில் கட்டுவதுதானே. வயலினுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்தேன்.

மதுரையில் ஒட்டித் தருவார்களாம். நீ வா. அம்மா தினமும் "அவ எப்படா வாரா?" என்கிறாள்.

உன் ரூபஸ்

•

சென்னை
3 ஜூலை

மச்சானுக்கு,

வள்ளம் உடையாமல் இருக்கவா அந்த மண்ணைக் கட்டுகிறீர்கள்? கல்யாணமான புதிதில் கேட்டேன். "கடலுக்குப் போனது கரைக்கு வரணும்ல, அதுக்குத்தான்" என்றீர்கள்.

உண்மையை எழுதுங்கள்.

ஆஸ்லின்

•

தங்கச்சிமடம்
7 ஜூலை

ஆஸ்லின்,

ஆமாம். நீ திரும்பி வரவேண்டும் என்றுதான்.

பெட்டி அடுக்கும்போது நீ பாடிக்கொண்டே அடுக்கினாய். கோயிலில் பாடுவாய். இந்த ஆறு வருடத்தில் வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. பயந்துபோனேன். இவள் வரமாட்டாள் என்று தோன்றியது. உன்னிடம் கேட்க வாய் வரவில்லை.

என்னைத் திட்டு. ஆனால் வா. சனிக்கிழமை ராமேஸ்வரம் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

ரூபஸ்

•

சென்னை
10 ஜூலை

ரூபஸுக்கு,

இரண்டு பலகைகளும் என் முன்னால் இருக்கின்றன. உட்புறம் இன்னும் சிவப்பு. துடைத்தால் போகவில்லை.

வயலின் பெட்டியின் மூடியில் ஒரு சின்ன உறை உண்டு. நீங்கள் அதைத் திறந்திருக்கமாட்டீர்கள். உள்ளே திரும்பிவரும் டிக்கெட் இருந்தது. மார்ச் இருபத்தெட்டு. ஈஸ்டருக்கு நம் கோயிலில் வாசிக்கலாம் என்று அந்தத் தேதியை எடுத்திருந்தேன்.

கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.

ஆஸ்லின்