அரைவாசி மட்டும் சொன்னேன்

கொக்குவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கோபிகா அக்காவுக்கு,

பிரசாந்தி எழுதுகிறேன். வவுனியாவில் சித்தி வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தையற்கடையில் ஆள் எடுத்தாயிற்று என்று கடைக்கார அருந்ததி அன்ரி உங்களுக்குச் சொன்னது பொய். நீங்கள் வேலை கேட்டு வந்த அன்று, "எனக்காக ஒரு சொல்லுச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்ரி என்னைக் கூப்பிட்டு, "உவள் கடற்கரைப் பக்கம், கொழும்புத்துறைப் பிள்ளை. நீ அவளோடை தையல் பழகினனீதானே, எப்பிடியான ஆக்கள்?" என்று கேட்டார்.

உங்களைப் போலச் சட்டை தைக்க எங்கள் வகுப்பில் யாருமில்லை. அதைச் சொல்லவில்லை. "அவவின்ரை அண்ணையைப் பொலிஸ் பிடிச்சது" என்றேன். மீன்பிடிக்கத் தடைசெய்த வலை வைத்திருந்தார் என்று பிடித்து, அது அவருடைய வலை இல்லையென்று அன்றே விட்டதைச் சொல்லவில்லை. "நான் நினைச்சனான்" என்றார் அன்ரி.

அடுத்ததாக என் வீட்டைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம், அக்கா. என் சொந்த அண்ணை நிருஷன் பதினான்கு நாள் மறியலில் அடைபட்டிருந்தவர். நான் வேலைக்கு வந்தபோது எந்த ஒழுங்கையில் வீடு, யாருடைய மகள் என்று மட்டுமே அன்ரி கேட்டார்.

போன கிழமை எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தியை அன்ரி வேலைக்குச் சேர்த்தார். அவளிடமும் வேறொன்றும் கேட்கவில்லை. பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது. அவள் தைத்ததைப் பிரித்துத் தைப்பது என் வேலை.

இன்று அன்ரியிடம் நிருஷன் அண்ணையின் கதையைச் சொன்னேன். மெசினிலிருந்து நிமிராமலே, "அதை ஏன் இப்ப சொல்லுறாய்? உங்களை எங்களுக்குத் தெரியுந்தானே" என்றார். "கோபிகா அக்காவை எனக்குத் தெரியும் அன்ரி. நான் அரைவாசிதான் சொன்னனான்" என்று மிச்சத்தையும் சொன்னேன். அன்ரி மெசினை நிறுத்தினார். பிறகு, "அண்ணைமாரைப் பாத்து ஆள் எடுக்கிறதெண்டால் உன்னையுமெல்லோ அனுப்பவேணும்" என்று முணுமுணுத்தார். இனி யார் வந்தாலும் ஒரு சட்டை தைத்துக் காட்டட்டும், அது போதும் என்றார்.

வரும் திங்கட்கிழமை அன்ரி உங்களுக்குப் போன் எடுப்பார். தயவுசெய்து கதையுங்கள். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன். நீங்கள் வேலைக்கு வந்தாலும் என்னோடு கதைக்க வேண்டியதில்லை. வெளிச்சமுள்ள என் மெசினில் நீங்கள் இருங்கள், நான் உள்ளுக்கிருக்கிற மெசினுக்குப் போகிறேன். நீங்களும் உங்கள் அண்ணையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிரசாந்தி