ஜுயியின் கட்டில்

மிரஜ்,
4 ஜூன் 1988

தத்தா அவர்களுக்கு, நமஸ்காரம்.

என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டில் எல்லோரும் நலம். ஆகஸ்டில் சாங்க்லியில் தனியாள் நாடகம் போடுகிறேன். நானே எழுதியது. ஆஸ்பத்திரியில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய். அது நானும் நம் ஜுயியும்தான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்குள்ளவர் வரைந்த திரை கல்யாண மண்டபம் போல இருக்கிறது. விளக்கு போடும் ஷிர்கே காகா, "தத்தாவைக் கேளும்மா. உங்க சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். மேடையை நீங்கள் அமைத்துத் தர முடியுமா? வேலையாக மட்டும் கேட்கிறேன். பிரதி இத்துடன்.

சுநந்தா

கிர்காவ், மும்பை,
12 ஜூன்

அன்புள்ள சுநந்தா,

செய்கிறேன். நடுவில் இரும்புக் கட்டில், பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி, ஒரு ஜன்னல். வேறு எதுவும் வேண்டாம்.

கட்டில் எவ்வளவு உயரம்? ஜுயியின் தலை ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா? ஊசி எந்தக் கையில்? விரிப்பில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்ததா? நீ உட்கார்ந்தது ஸ்டூலா, தரையா? கொஞ்சம் விவரமாக எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. ஒத்திகை என்றால் உனக்குப் பசியே தெரியாது.

உன் தத்தா

மிரஜ்,
20 ஜூன்

நமஸ்காரம்.

கட்டில் என் இடுப்புக்கு. தலை ஜன்னல் பக்கம். இடது கை. நான் ஸ்டூலில்.

ஆனால் கட்டில் வேண்டாம். வெறும் தலையணையைப் பார்த்துக்கொண்டு என்னால் நடிக்க முடியாது. கட்டில் அளவுக்குத் தரையில் வெளிச்சம் விழுந்தால் போதும். காகா செய்து தருவார்.

விரிப்பின் முத்திரை முதல் வரிசைக்கே தெரியாது. யாருக்காக இதெல்லாம் கேட்கிறீர்கள்?

சுநந்தா

மும்பை,
27 ஜூன்

சுநந்தா,

எனக்காகத்தான்.

அப்போது நாக்பூரில் யாருடைய நாடகத்துக்கோ அரண்மனை செட் கட்டிக்கொண்டிருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வார்டுக்குப் போய்க் கேட்டேன். "அந்தக் கட்டிலா? அதுல வேற பேஷன்ட் வந்தாச்சே" என்றாள் நர்ஸ். வாசலோடு திரும்பிவிட்டேன். நீயும் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. ஒரு தடவை அந்தக் கட்டிலைச் செய்கிறேன், விடு.

இன்னொன்று. பிரதியில் அவள், "ஆயி, பாபா எப்ப வருவாரு?" என்று உன்னிடம் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்படிக் கேட்டாளா? நீ என்ன சொன்னாய்?

தத்தா

மிரஜ்,
5 ஜூலை

நமஸ்காரம்.

அந்த வசனம் நான் எழுதியது. பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் சபையை உட்கார வைக்க முடியாதே.

அன்று காலையிலிருந்தே அவள் கண் திறக்கவில்லை. உங்களையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. பக்கத்திலேயே இருந்த எனக்கும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை, கேட்டீர்கள், சொன்னேன்.

கட்டிலை அனுப்புங்கள்.

சுநந்தா

மிரஜ்,
23 ஆகஸ்ட்

தத்தா,

நாடகம் முடிந்தது. கட்டில் அச்சாக அப்படியே இருந்தது. ஒத்திகையில் கிட்டப் போகவே முடியவில்லை. "எடுத்துடவா தாயி?" என்று காகா கேட்டார். வேண்டாம் என்றேன்.

மேடையில் 'பாபா எப்ப வருவாரு' வந்தபோது நாக்கு எழவில்லை. விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எழுதியிருந்ததையும் விட்டுவிட்டு அவள் கையிருந்த இடத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். சபையில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

நீங்கள் கடைசி வரிசையில் இருந்தீர்களாம். "உள்ள வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போடா" என்று காகா கூப்பிட்டாராம். "பார்க்க வேண்டியத பார்த்துட்டேன் காகா" என்றீர்களாம். உங்கள் மேல் கோபம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருடமும் உங்களோடு எனக்கிருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான்.

அடுத்து கோலாப்பூரில் கட்டில் இல்லாமல் நடிக்கப்போகிறேன். அங்கே வர வேண்டாம். அந்த அறையில் இருந்ததையெல்லாம் உங்களுக்குக் காட்டிவிட்டேன். அதற்கு மேல் நமக்குள் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜுயியின் அம்மா