ரூட் ஏழு பஸ்ஸும் மீன் ஏலப் படமும்

8 ஜூன் 2025, ஞாயிறு

அண்ணாதுரை அண்ணன் சொன்ன படத்தை இன்று பார்த்து முடித்தேன். தப்பித்தேன் என்றும் எழுதலாம். கதாநாயகன் அறுபது பேரை அடிக்கிறான். அந்த அறுபது பேரும் ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையில் நின்று, ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பேராகச் சேர்ந்து போவோம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கதாநாயகிக்கு மாடியில் துணி காயப்போடுவதுதான் வேலை. மூன்று பாட்டு முடிந்தும் அந்தத் துணி காயவில்லை.

என் புருஷன் மோகன் இடைவேளைக்கு முன்பே குறட்டை. வாரம் முழுக்க அத்திப்பள்ளியில் லோடு இறக்கும் இடத்தில் கத்திவிட்டு வருகிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை டிவி வெளிச்சம் பட்டாலே தூங்கிவிடுவார்.

அண்ணாதுரை அண்ணன் எங்கள் மெஷின் ஷாப்பில் மூத்த ஆபரேட்டர். கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட் அவருடையது. சனிக்கிழமை சாயங்காலம் இறங்கும்போது ஒரு படத்தின் பெயரைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ரூட் ஏழு பஸ் மொத்தமும் அவரவர் வீட்டில் அதைத்தான் பார்க்கும். திங்கட்கிழமை காலை அவர் 'எப்படி' என்பார். எல்லோரும் 'சூப்பர்' என்பார்கள். நானும் இதுவரை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

9 ஜூன், திங்கள்

இன்று சொல்லவில்லை.

அவர் வழக்கம்போல, "எப்டிப்பா படம்?" என்றார். எல்லோரும் சூப்பர் என்றார்கள். "எனக்குத் தூக்கம் வந்துச்சுங்ணா," என்றேன். பக்கத்து சீட் ஜெயசெல்வி என் தொடையைக் கிள்ளினாள்.

பஸ் சூளகிரியில் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. இறங்கும்போதுதான் சொன்னார்: "சரி தமிழ்செல்வி. வர ஞாயித்துக்கிழமை படம் நீ சொல்லு. மொத்த பஸ்ஸும் பாக்கட்டும். அப்பறம் பேசலாம்."

சரிங்ணா என்றுவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

11 ஜூன், புதன்

படம் தேடுகிறேன். இன்று பேய்ப்படம். கரண்ட் போனால்தான் பேய் வரும். எங்கள் பாகலூர் ரோடு பக்கம் வீடு எடுத்திருந்தால் அந்தப் பேய்க்கு ஓய்வே கிடைத்திருக்காது.

12 ஜூன், வியாழன்

காதல் படம். இரண்டு பேரும் ஒரு போன் போட்டுப் பேசியிருந்தால் பத்தே நிமிடத்தில் முடிந்திருக்கும்.

14 ஜூன், சனி

கிடைத்துவிட்டது.

பெரிய நடிகர் யாரும் இல்லை. எந்த ஊர்ப் படமோ, கடலோரத்துக் கதை. மீன் ஏலம் கூவுகிற ஒருத்தன். பெண்டாட்டிக்கும் அவனுக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவள் சோறு வைக்கிறாள், அவன் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். தொண்டையில் ஆபரேஷன் செய்து அவனுக்குக் குரல் போய்விடுகிறது. முதல் அரை மணி நேரம் ஆஸ்பத்திரி, யாரும் வாயே திறப்பதில்லை. பிறகு ஒருநாள் வேறு வழியில்லாமல் அவளே கரைக்குப் போய் ஏலம் கூவுகிறாள். வருடக்கணக்காகப் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் அந்தக் கூவலில் வருகிறது. மீன் விலையைச் சொல்லிக்கொண்டே புருஷனைத் திட்டுகிறாள். அவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்கிறான்.

கடைசியில் கடனுக்காக அவர்கள் படகே ஏலத்துக்கு வருகிறது. கூவ வேண்டியவளும் அவளேதான். அழுதுவிட்டேன். எவ்வளவு அழகான வசனம்! ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. முடிந்து எழுந்தபோது மோகன் புரண்டு படுத்து, "செத்துட்டானா?" என்றார். எந்தப் படத்துக்கும் அவர் கேட்கிற கேள்வி அதுதான்.

பஸ் குரூப்பில் படத்தின் பெயரைப் போட்டேன். கீழே, 'வசனத்தை மட்டும் கவனிங்க' என்றும் எழுதினேன்.

15 ஜூன், ஞாயிறு

இந்நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

16 ஜூன், திங்கள்

மானம் போச்சு.

பஸ்ஸில் காலை வைத்ததுமே சிரிப்பு. பின் சீட்டு முத்துமணி எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "இது படகு இல்ல, என் பர்த்தாவின் இதயம்," என்றான். மொத்த பஸ்ஸும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒரு வசனமே படத்தில் கிடையாது. "எங்கடா வந்துச்சு அது?" என்றேன். "கடைசி சீன்ல, உம் படத்துலதான்," என்கிறான்.

ஜெயசெல்வி கூடக் காதோடு, "ஏன்டி, எங்க ஊட்ல எல்லாரும் என்னையத் திட்னாங்க," என்றாள்.

அண்ணாதுரை அண்ணன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "விடுங்கப்பா. புதுசுதான, கத்துக்கும்," என்றார். பெரிய மனசாம்.

நான் பாத்த படத்தத்தானே இவங்களும் பாத்தாங்க? எனக்குத்தான் ரசனை கெட்டுப்போச்சா? எதப் பாத்து அழுதேன் நான் அப்ப?

17 ஜூன், செவ்வாய்

பஸ்ஸோடு போயிருந்தால் பரவாயில்லை.

நான் லைன் இன்ஸ்பெக்டராகி இன்னும் மூன்று மாதம் முடியவில்லை. அதற்கு முன் நானும் மெஷினில் நின்றவள்தான். இப்போது என் வேலையே பார்ப்பதும் சொல்வதும்தான். இது ஆகும், இது ஆகாது. முத்துமணி மெஷினில் வந்த புஷ் வளையம் ஒன்றில் உள்பக்கம் கீறல். ஆகாது என்று தள்ளி வைத்தேன். அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்தியாக்கா? இல்ல, படம் பாத்த மாதிரி பாத்தியா?" என்றான்.

லைனே சிரித்தது. சூபர்வைசரும் சிரித்தார்.

கீறல் இருந்தது, புஷ்ஷைக் கழித்துவிட்டார்கள், அது வேறு. நான் ஆகாது என்று சொன்னால் சிரிப்பு வருகிறது என்றால், நாளைக்கு அங்கே நின்று என்ன பிரயோஜனம்? மூன்றாம் மாதக் கடைசியில் என்னை இதே வேலையில் வைக்கலாமா என்று மேலே கேட்கும்போது சூபர்வைசர் என்ன சொல்வார்? இந்த இடத்துக்கு வர எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினேன். ஒரு படத்தால் போகணுமா இது?

18 ஜூன், புதன்

அம்மாடி.

எங்கே தப்பு என்று பார்க்க, வந்ததும் அதே படத்தைத் திரும்பப் போட்டேன். கீழ்வீட்டு சரோஜம்மாள் கொத்தமல்லி கொடுக்க மேலே வந்தார். அவர்தான் வீட்டுக்காரம்மா, கன்னடக்காரர். படம் பார்க்கிற சந்தா அவருடையது, இன்டர்நெட் எங்களுடையது, இரண்டு வீட்டுக்கும் ஒரே கணக்கு. ஓரமாக உட்கார்ந்தவர் எழவில்லை. அவள் ஏலம் கூவுகிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் கேட்டார், "நீயும் கன்னடத்துலயே பாக்கறியா? நானு உனக்கு ஆகாதுன்னு தமிழு மாத்தி வெக்கணும்னு இருந்தேன், மறந்துபோச்சு."

கன்னடம்!

அவர் வைத்தது வைத்தபடியே இருந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. பாகலூரில் பிறந்தவளுக்குப் பால்காரரிடம் கன்னடம், காய்க்காரம்மாவிடம் தெலுங்கு, வீட்டில் தமிழ். எந்தக் காதில் எது போகிறது என்று யார் பார்த்தார்கள்? படம் முதலில் எந்த மொழியோ, வாய் எதற்கும் ஒட்டவில்லை. மோகனும் பக்கத்தில்தான் இருந்தார், அதாவது படுத்திருந்தார்.

தமிழுக்கு மாற்றி முதலிலிருந்து பார்த்தேன். கடவுளே. ஆஸ்பத்திரியில் யாரும் பேசாத இடத்திலெல்லாம் யாரோ ஒருத்தர் கனத்த குரலில் கதை சொல்கிறார். மீன்காரி வாயில் 'பர்த்தா', 'விதியின் விளையாட்டு'. கடைசி இடத்தில் முத்துமணி சொன்ன வசனம் அப்படியே வருகிறது. நான் பார்த்த படத்தில் அந்த இடத்தில் ஒரு சத்தமும் கிடையாது.

பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. என் மேலும் இல்லை.

19 ஜூன், வியாழன்

ஜெயசெல்வியிடம் மட்டும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "பேரு தமிழ்செல்வி. பாக்கறது கன்னடம், அதுவே தெரியல. இத மட்டும் பஸ்ல சொல்லிடாதடி, உன் பேரயே மாத்திடுவாங்க," என்றாள்.

சொல்லாமல் இருந்தால் ரசனை கெட்டவள். சொன்னால் பைத்தியம். எது மேல்?

20 ஜூன், வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் எழுந்து நின்றேன். முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, நடந்ததைச் சொன்னேன். ஜெயசெல்வி சொன்னபடியே ஆனது. பஸ்ஸில் சிரிப்பு அடங்க நேரமானது. முத்துமணி, "இனிமே கன்னடச்செல்வி," என்றான். வீட்டில் கன்னடம் பேசுகிற டிரைவர் ஆஞ்சப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பரவால்ல மா, நம்ம ஆளு," என்றார். அதற்கு ஒரு சிரிப்பு.

அண்ணாதுரை அண்ணன் கையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது. "சரி. அந்தக் கன்னடத்துல அப்பிடி என்னாதான் பேசிக்கினாங்க? சொல்லு, கேப்போம். இல்லனா உக்காரு."

என்னை உட்கார வைக்கத்தான் சொன்னார். எனக்குத் தெரியும். அதனால்தான் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கினேன். பின்னால் இரண்டு பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கரைக்கு வருகிற இடம் வந்ததும் எனக்கே என்னமோ ஆகிவிட்டது. கன்னடத்தில் கேட்டது எங்கள் பேச்சாக வாயில் வந்து விழுந்தது. "கூடை நூறு. நூறுக்குக் கேக்கறவங்க யாரு? ராத்திரியெல்லாம் கடலப் பாத்தவன் என் மூஞ்சிய ஒரு நாளும் பாக்கல, நூத்திப் பத்து. ஜொரத்துல கெடந்தேன், தண்ணி வேணுமான்னு கேக்கல, நூத்தி இருவது. இப்ப கேக்கணும்னாலும் வாய் இல்ல, நூத்தி முப்பது." நான் கூவக் கூவ, போன்கள் கீழே இறங்கின.

கோபசந்திரத்தில் இரண்டு பேர் இறங்க வேண்டும். பஸ் நின்றது, யாரும் எழவில்லை. ஆஞ்சப்பன் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பேரண்டப்பள்ளி வந்தது. அது அண்ணாதுரை அண்ணன் இறங்குகிற இடம். பஸ் நின்றது. கண்ணாடியில் ஆஞ்சப்பன் அவரைப் பார்க்கிறார். நான் கதையை நிறுத்தவில்லை, ஆனால் எனக்கும் கண் அங்கேதான். அவர் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன். ஆனாலும் கதை இருக்கிறதே.

படகு ஏலம். விலை ஏறுகிறது. வட்டிக்காரன் கடைசி விலை சொல்லிவிட்டான். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, பின்னால் நிற்கிற புருஷனைப் பார்க்கிறாள். "ஒரு தரம்," என்றேன். "ரெண்டு தரம்," என்றேன். வாயை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். எவ்வளவு தூரம் போனது என்று தெரியாது. கடைசி சீட்டிலிருந்து அண்ணாதுரை அண்ணன்தான் கேட்டார். "மூணாவது தரம் சொல்லு மா."

"சொல்லலங்ணா," என்றேன். "அவ சொல்லவே இல்ல. அவன் கூட்டத்த வெலக்கிக்கினு வந்து அவ பக்கத்துல நிக்கறான். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. வட்டிக்காரன் சொல்லு சொல்லுன்னு கத்தறான். அவ சொல்லல. அவ்ளோதான் படம்."

யாரும் கை தட்டவில்லை. அதைவிடப் பெரியது கிடைத்தது. முத்துமணி ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். ஜெயசெல்வி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கோபசந்திரத்து ஆட்களும் அண்ணாதுரை அண்ணனும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வந்த வழியே திரும்பிப் போக டவுன் பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

21 ஜூன், சனி

தொண்டை கட்டிவிட்டது. மோகனிடம் சைகையில் பேசினேன். "அந்தப் படத்துல வர்றவன் மாதிரியா?" என்றார். அட, இவர் அதுவரை தூங்காமல்தான் இருந்திருக்கிறார்!

23 ஜூன், திங்கள்

ஞாயிற்றுக்கிழமை பாதி பஸ் அதே படத்தைக் கன்னடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. கன்னடம் தெரியாதவர்கள் கூட. "கத தெரிஞ்சிதான இருக்கு," என்கிறார்கள். முத்துமணி மட்டும், "நீ சொன்னதுதான்க்கா நல்லாருந்துச்சு. அதுல அவ கொஞ்சம் கம்மியாத்தான் திட்டறா," என்றான்.

கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லிவிட்டேன் போல. சேரட்டுமே.

4 ஜூலை, வெள்ளி

இன்று அண்ணாதுரை அண்ணன் மெஷினிலிருந்து வந்த புஷ் ஒன்று. அவர் மெஷினிலிருந்து ஆகாதது வந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு முறை திருப்பினேன். உள்விளிம்பில் பிசிறு. நிச்சயமாகப் பிசிறுதான்.

"இது ஆகாதுங்ணா," என்றேன்.

லைனில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சூபர்வைசரும் நின்றுவிட்டார். "அண்ணாதுரை, நீங்க ஒரு தடவ பாத்துடுங்க," என்றார்.

அண்ணன் என் கையிலிருந்து அதை வாங்கினார். வெளிச்சத்தில் பிடிக்கவில்லை, திருப்பியும் பார்க்கவில்லை. "அது சொன்னாப் போதும் சார்," என்றார். அவரே நடந்துபோய் அதை, ஆகாததைப் போடுகிற சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்.