டீசல் குழிக்கு நான் வைத்த காவல்

ஏப்ரல் 19
உலக மக்களின் கவனத்திற்கு: எங்கள் வாத்து, நீண்ட ஆலோசனைக்குப் பின், இந்த வருடத்தின் முதல் முட்டையை இட்டுவிட்டது. தாயும் முட்டையும் நலம்.

அடுத்தது துக்கச் செய்தி. நாளை ஈஸ்டருக்கு முந்தின ஊர்த் துப்புரவு. ரஷ்யப் படை எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது டாங்கிகளுக்கு டீசல் ஊற்றிய மேட்டில் எண்ணெய் ஊறிய கறுப்புக் குழிகள். அவற்றை மூடி மட்டம் செய்ய வேண்டுமாம். பெரிய குழி என் தலையில். என் முதுகு மண்வெட்டிக்காகப் படைக்கப்பட்டதல்ல.

ஏப்ரல் 20
காலையில் முதல் வேலை: பழைய பலகை, சிவப்புச் சாயம், ஒரு மண்டையோட்டுப் படம். கீழே ‘கண்ணிவெடி!’ குழியருகே நட்டேன்.

ஊர்த் தலைவர் பந்தேலி மாமா பதறிவிட்டார். “லுக்யான், அந்தப் பக்கம் போகாதடா கண்ணு!”

போவேனா மாமா? சத்தியமாகப் போகவில்லை.

ஏப்ரல் 24
சுற்றுச்சூழல் ஆய்வாளர் ஸ்னிஷானா வந்தார். மண் மாதிரி எடுக்க. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாருங்கம்மா! பலகை வெச்ச இடம் தவிர ஒரு குழி இல்ல. மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு வேற அடிச்சிருக்கோம்!”

ஸ்னிஷானா தலையில் கைவைத்துக்கொண்டார். “கறுப்பு மண்ணு எங்க?”

“பரப்பிட்டோம்.”

“சாட்சியப் பொதச்சிட்டீங்களே ஐயா!”

சேதத்தைச் சட்டப்படி பதிவு செய்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும். அந்தப் பதிவு இல்லாமல் மேட்டின் வழியே குடிநீர்க் குழாய் பதிக்க அனுமதியும் கிடையாது. தொடாத குழி ஒன்றாவது வேண்டும். இருப்பது ஒன்றே ஒன்று. என் குழி. கண்ணிவெடிப் பிரிவு சோதிக்காமல் யாரும் நெருங்க முடியாது. அவர்கள் வர இலையுதிர்காலம் ஆகுமாம்.

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் போனாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. ரெண்டு வருஷமா இதே நடை. ஐயோ, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்?

ஏப்ரல் 25
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நானே மாமா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 29
பொய்ப் பலகை என்று எழுதிக் கொடுத்ததால் கண்ணிவெடிப் பிரிவு சீக்கிரம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பிரிவின் ரோடியன் அண்ணன் அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். ஒன்றுமில்லை. பலகையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

“இப்படி நாலு பொய்ப் பலகை வெச்சா, நிஜப் பலகைய எவன்டா நம்புவான்?”

பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே அடுப்பில் போட்டேன்.

மே 2
மாதிரி எடுத்தாயிற்று. ஸ்னிஷானா கையெழுத்திட்டுவிட்டார். பள்ளியில் நான்தான் ‘சாட்சியைக் காத்த வீரன்’. தொலைநோக்கு என்றால் என்னவென்று ஏழாம் வகுப்புப் பொடியன்களுக்கு விளக்கினேன்.

ஜூன் 14
குழாயில் தண்ணீர்! முதலில் இருமியது, பிறகு துரு நிறத்தில் துப்பியது, பிறகு தெளிந்தது. அம்மா குழாயை மூடவே இல்லை. கையை நீட்டியபடி நின்றாள். பந்தேலி மாமா எதிர்வீட்டிலிருந்து கத்தினார்: “மூடும்மா, ஆறு வத்திடப் போகுது!” அம்மா சிரித்தாள். அப்பாடா.

சரி, ஒரு திருத்தம். ஏப்ரல் 25 அன்று நான் நானாகப் போகவில்லை. என் நகத்தில் சிவப்புச் சாயத்தைப் பார்த்துவிட்டு, அம்மாதான் தெரு முழுக்க என் காதைப் பிடித்து இழுத்துப்போனாள். நிமிர்ந்திருந்தது நெஞ்சல்ல, காது. உண்மையைச் சொன்னதும் அவள்தான். நான் அழுதேன்.