நூலில்லாத நாளில் பாவு

மதினி,

நம் தெருவை அடைத்து யாரோ ஒரு தலைவரின் வரவேற்புக்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள். பச்சைக் கீற்று வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. விருதுநகர் பஸ் ஊரைச் சுற்றிப் போகிறது. போலீஸ்காரரே நின்று வழி திருப்பிவிடுகிறார். இதைச் சொல்லிக்கொள்ள நீங்கள் இல்லை.

தறிக்கு நூல் வரத்தே நின்றுபோன அந்தக் கோடையில் நாம் போராட்டம் நடத்த முறைப்படிதான் அனுமதி கேட்டோம். கொடுத்தார்கள், ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாய்க்குள். பகல் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினோம். மேய வந்த ஆடுகள் கேட்டன. ஓர் அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியும்போது நீங்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "வாங்க, பாவு நீட்டுவோம்" என்றீர்கள். நூலே இல்லையே என்றேன். "கம்பு இருக்குல்ல?" என்றீர்கள். கஞ்சி போட்ட பாவு நூலைத் தினமும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழை பிரிக்கும் அதே இடத்தில் வெறும் கம்புகளை நட்டோம். இருபுறமும் வெறுங்கையோடு நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல், கலைந்து போங்கள் என்றார்.

"தெனமும் இந்நேரம் இங்கனதான சார் நிக்கிறோம்? இன்னைக்கி நூலு இல்ல, அம்புட்டுத்தான்" என்றீர்கள்.

அதற்குத்தான் லத்தி. உங்கள் வலது மணிக்கட்டு ஒடிந்தது. அடித்தவன் மேல் வழக்கில்லை, அடிபட்ட உங்கள் மேல்தான் வழக்கு. தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பால்குடி மறக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் கெஞ்சினார். நீங்கள் கோர்ட்டில் கட்டுப் போட்ட கையோடு நின்று கேட்டீர்கள்: "எது தப்புன்னு அவுகளச் சொல்லச் சொல்லுங்க. கண்மாயில நின்னதா, வாசல்ல நின்னதா?"

உங்களை ஜெயிலுக்குத்தான் அனுப்பினார்கள்.

பிறகு நூல் வந்தது, எங்களுக்கு. உங்களால் தறியில் உட்காரவே முடியவில்லை. எம்.ரெட்டியபட்டிக் காடுகளில் இடது கையால் பருத்தி எடுத்தே போய்ச் சேர்ந்தீர்கள். "பொறுத்திருந்தா தானா வந்திருக்கும்" என்று ஊரில் சிலர் இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட.

இந்த வருஷமும் நூலுக்குத் தட்டுப்பாடுதான். நேற்றுச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர், "போராட ஓரமா ஒரு எடம் கேப்போம், குடுப்பாக" என்றார். பெண்கள் பக்கமிருந்து நான் எழுந்தேன்.

"எங்க மதினி கை ஒடிஞ்ச எடத்தக் கேளுங்க" என்றேன்.