மருந்துக்காரர் எழுதிய இரண்டாவது துண்டு

அக்கா,

இன்று பசறை பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் தைலக் குப்பியைத் திறந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வரவில்லை; முதலில் உனக்குத் தைலம் கொடுத்த அந்த ஆளின் ஞாபகம்தான் வந்தது. நீ போய் ஏழு வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

நமுனுகுலப் பக்கத்தில் நம் தேயிலைத் தோட்டத்திலேயே கெட்டிக்காரக் கொழுந்துக்காரி நீ. உன் வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதைதான் முதலில் கரைந்தது. குழி விழுந்த அந்த இடத்தைப் பார்த்து லயத்து வீட்டு வரிசையே பெருமைப்பட்டது. "கொழுந்து எடுத்துத் தேஞ்ச கை. இதுதான்டி வேலைக்காரி கை" என்று பக்கத்துக் காம்பிராக்காரி தன் மகளுக்குக் காட்டினாள். நீயும் சிரித்தாய். நோயைத்தான் பாராட்டிக்கொண்டிருக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு மொட்டு விரலில் நிற்கவில்லை. கூடை பாதியோடு வந்தது. தோட்டத்து மருந்துக்காரரிடம் போனாய். கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தைலம் கொடுத்து, "கொழுந்துக்காரி கை இப்பிடித்தான் இருக்கும், போ" என்றார். அடுத்த தடவை துண்டுச் சீட்டிலேயே எழுதிவிட்டார்: 'நோய் இல்லை. நடிப்பு.' மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் கங்காணி அதை உரக்க வாசித்து உன்னை விரட்டினார்.

பதுளை ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். இயக்க நரம்பு நோய். அன்றைக்கு நாக்குக் குழறக் குழற நீ சொன்னாய்: "சாக பயமில்லடி. நடிச்சவங்குற பேரோட சாகக்கூடாது." தோட்டத்தில் யாரும் அதைத் திருத்தவில்லை; அந்தப் பேரோடுதான் போனாய்.

இப்போது நான் பதுளையில் உயிரியல் டீச்சர். அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தது அறிவுக்காக அல்ல, அந்த ஆளை மடக்கத்தான். நரம்புக் கலத்தின் உள்ளே கரு இருக்கிறது. அதன் சுவரில் சின்னச் சின்ன வாசல்கள். மற்றப் புரதங்களை அந்த வாசல் வழியே கூட்டிப்போய்க் கூட்டிவருவதற்கென்றே சில புரதங்கள் உண்டு. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு, கருவுக்குள் வேலை பார்க்க வேண்டிய ஒரு புரதம் உள்ளே போகாமல் வெளியிலேயே தங்கித் திரண்டுவிடுகிறது. கூட்டிப்போகிறவை பழுதானதால் இப்படி ஆகிறதா, இப்படி ஆனதால் அவை பழுதாகின்றனவா என்று இன்னும் ஆராய்கிறார்கள். எப்படியானாலும் உள்ளே வேலை நின்றுபோகிறது, கலம் சாகிறது, சதை கரைகிறது. பெரட்டில் உனக்கு நடந்ததுதான் உன் நரம்புக்குள்ளும் நடந்திருக்கிறது அக்கா.

போன மாதம் பசறையில் அந்த மருந்துக்காரர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்று, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படம் வரைந்து ஒவ்வொன்றாக விளக்கினேன். பாதியில், "தண்ணி குடிச்சிட்டு வாறேம்மா" என்று எழப் பார்த்தார்.

"உக்காருங்க. இன்னும் முடியல."

அவர் முகம் வாடியது எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"இதெல்லாம் எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார்.

"தெரியலன்னு எழுதியிருக்கலாமே. நடிப்புன்னு எதுக்கு எழுதுனீங்க?"

வெள்ளைத் தாளை நீட்டினேன். 'அவர் நடிக்கவில்லை. நோய்தான். நான் எழுதியது தவறு.' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மறுநாள் பெரட்டுக்களத்தில் அதே கங்காணியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவர் வாய்க்குள்ளேயே வாசித்தார். "அன்னைக்கு வாசிச்ச மாதிரி சத்தமா" என்றேன். உன்னோடு கொழுந்தெடுக்க மலை ஏறியவர்கள் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

உன்னை விரட்டிய அன்று சாயங்காலம் நம் வீட்டுக் காம்பிராவில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். சோற்றுக் கோப்பை உன் கையிலிருந்து நழுவியது. "என்கிட்டயுமா நடிக்கிற?" என்று கேட்டவள் நான். நீ இடது கையால் தரையிலிருந்த சோற்றை அள்ளினாய்.

அவர் எழுதிய துண்டு என் கைப்பையில் இருக்கிறது. என்னை உட்கார வைத்து எழுதி வாங்கத்தான் நீ இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்: நீ நடிக்கவில்லை அக்கா. நான் கேட்டது தவறு.

கையெழுத்து,
உன் தங்கச்சி